தபசு மரத்தில் ஒரு சிரிப்புப் பாட்டுக்காரன்

எனக்கு உயரம் என்றால் பயம். கூட்டம் என்றால் பயம். நாய், இடி, ஊசி, காக்கி உடுப்பு எல்லாவற்றுக்கும் பயம். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். டிவியில் பயந்து நடுங்கிக்கொண்டே பாடுவதுதான் என் தொழில். தொழில் அப்படி அமைந்துவிட்ட பிறகு, நிஜமாகவே பயந்தாலும் "இன்னாமா பண்றான் பாரு" என்றுதான் கைதட்டுவார்கள்.

திருப்பதியில் குடியிருக்கிறேன். விருந்தாளி வந்தால் மலைக்கு அழைத்துப் போகாமல் முடியாது. பஸ்ஸில் பள்ளத்துப் பக்கம் உட்கார மாட்டேன். உள்பக்க சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயில் வந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவேன். ஒரு தடவை பக்கத்து சீட்டு அம்மாள் என் பக்தியைத் தெலுங்கில் மெச்சி, தன் லட்டில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். பயத்துக்குக் கூலி கிடைப்பது எனக்குப் புதிதல்ல.

நகரியில் நாங்கள் பவர்லூம் வைத்திருந்த குடும்பம். தறி ஓடும் வீட்டில் பேச வேண்டுமானால் கத்த வேண்டும், அதனால் எங்கள் எல்லோருக்கும் பெரிய தொண்டை. எனக்கு அதோடு பாட்டும் வந்தது. சித்தூரில் டிகிரி படிக்கப் போனபோது ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். கூட்டத்துக்குப் பயப்படுகிறவன் எதற்கு மேடை ஏறினான் என்று கேட்கலாம். ரூமில் தனியாகப் பாடியபோது ஆர்க்கெஸ்ட்ரா ஓனர் கேட்டுவிட்டார், அவரிடம் மாட்டேன் என்று சொல்லவும் எனக்குப் பயமாக இருந்தது.

முதல் மேடை சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபாக்டரியின் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எதிரில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும் கை ஆடியது. கையைப் பிடிக்கப் போன இன்னொரு கையும் ஆடியது. வாயைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் குளிர்காலத்தில் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பவன் பேசுவதுபோல் வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் அதன் அம்மா சிரித்தாள். அப்புறம் ஃபாக்டரியே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. பாட்டு முடிந்ததும் கீபோர்டுக்காரர் என் தோளைத் தட்டினார்.

"இன்னாடா இது, உடம்பெல்லாம் ஆடுது, சுருதி மட்டும் இம்மி நகரல! எங்க கத்துக்கின?"

எங்கும் கற்கவில்லை. எவ்வளவு நடுங்கினாலும் சுருதி என்னை விட்டுப் போனதில்லை, அவ்வளவுதான். அடுத்த கல்யாண ரிசப்ஷனில் ஓனர் என்னை "பயந்தாங்கொள்ளிப் பாடகர்" என்று அறிவித்துவிட்டார். அதன்பின் நான் பயந்தால் சம்பளம், பயப்படாவிட்டால் திட்டு.

அப்படியே திருப்பதி கேபிள் சேனல், அங்கிருந்து ஹைதராபாத்தில் ஒரு தெலுங்கு நிகழ்ச்சி, அங்கிருந்து சென்னையில் ஒரு தமிழ் நிகழ்ச்சி. கழுத்தில் ஒரு சின்ன ஹார்மோனியத்தை மாட்டிக்கொண்டு பயப்படுவேன். பேய்க்குப் பயப்படும் பாடகன், பல் டாக்டருக்குப் பயப்படும் பாடகன், பொண்டாட்டியின் போனுக்குப் பயப்படும் பாடகன். ஒவ்வொரு ஷூட்டிங்குக்கு முன்னாலும் பாத்ரூமில் வாந்தி எடுப்பேன். நடுவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு வரும்வரை இருக்கிற நிசப்தம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய பயம் எனக்கு எதுவும் இல்லை. கூட்டம் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தால் செத்துப்போவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

என்னைப் பெரிய ஆளாக்கியது தபசு மரம்.

எங்கள் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயில் தீமிதித் திருவிழாவுக்கு முன்னால் கூத்து நடக்கும். பாண்டவரில் வில்லெடுத்தவர் காட்டுக்குப் போய்த் தபசிருந்து சாமியிடம் அம்பு வாங்கும் கதை அதில் முக்கியமானது. அதற்கு நெட்டைப் பனைமரத்தை வெட்டி வந்து, படிக்கட்டை அடித்து, திடலில் நட்டுவிடுவார்கள். வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏற வேண்டும். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றிக் கண்ணை மூடிப் படுத்துக் கிடப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் விபூதியும் வீசுவார். முந்தானையில் விழுந்த பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டால் மடி நிறையும் என்பது நம்பிக்கை. பழம் விழும் முன் எழுந்துவிட்டால் அந்த வருஷத்து வரம் போய்விடும்.

இதை வைத்து டிவியில் ஒரு ஸ்கிட் செய்தேன். உயரத்துக்குப் பயந்த வேஷக்காரன் பாதி மரத்தில் மாட்டிக்கொள்கிறான். "ஏறச் சொன்னது யாரு சாமி, எறக்கி உடறது யாரு சாமி" என்று நானே கட்டிய பாட்டு. மிருதங்கம் ஒரு அடி அடித்து நிற்கும்போது, சுருதியோடு "ஏணி கொண்டாங்கய்யா!" என்று கத்துவேன். கீழிருந்து பெண் வேஷம் போட்ட ஒருவர் பொண்டாட்டியாக வந்து, "சோறு ஆறிப்போவுது, எறங்கி வாய்யா" என்று கூப்பிடுவார். "நெஜமாத்தான் சொல்றேன், சாமி சத்தியமா பயமாகீது" என்று நான் அழுவேன். தெலுங்கு சேனலிலும் அதையே "நிச்சென தெண்டய்யா!" என்று செய்தேன். ஊரில் சின்னப் பிள்ளைகள் மாடிப்படியில் நின்றுகொண்டு அதைக் கத்தின. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஸ்கிட் வந்த கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வாடகை வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய ஐந்து பேர் இறங்கினார்கள். விஜயபுரம் பக்கத்தில் என் மனைவி பிறந்த ஊரின் கோயில் பெரியவர்கள். அவளுடைய சித்தப்பாவும் கூட இருந்தார். சாமி காரியத்தைக் கேலி செய்ததற்கு அடிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சட்டையை மாட்டும்போது பட்டன் துளையைத் தேடி விரல் எங்கெங்கோ போயிற்று. கூடத்துக்கு வந்தால் அவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார்கள்.

"மாப்ள, நீ பண்ணத்தப் பாத்து எங்க ஊரே வயிறு வலிக்கச் சிரிச்சிது" என்றார் பெரியவர். "வழக்கமா ஏர்றவரு வண்டில உழுந்து கை ஒடச்சிக்கினாரு. ஆளு இல்லாம தவிச்சிக்கினு இருந்தோம். அம்மா கனவுல வந்து காட்டுன மாதிரி நீ டிவில வந்துட்ட. இந்த வருஷம் நீதான் ஏறணும்."

அடிக்க வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடி இரண்டு நாளில் ஆறிவிடும்.

"மாமா, எனக்கு உயரம்னா நெஜமாவே ஆவாது" என்றேன். குரல் நடுங்கியது. ஐந்து பேரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் "கட் இல்லாமலே பண்றாரே!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமைப்பட்டார்.

அப்போது சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஏறுவாரு சித்தப்பா" என்றாள். "நானும் இந்த வருஷம் படுக்கிறேன்னு வேண்டிக்கினு இருந்தேன்."

அவள் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம். பார்க்க வேண்டிய டாக்டரையெல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லோரும் எல்லாம் நார்மல் என்றுதான் சொன்னார்கள். நார்மல் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் முகம் சுருங்கும். நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைப் பார்க்கிறவள், மூடநம்பிக்கை என்று எத்தனையோ விஷயத்தில் என்னைக் கிண்டல் செய்கிறவள், இந்த ஒன்றைக் கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு தட்டை வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து பயம் என் வீட்டில் தனி ஆளாகக் குடியேறிவிட்டது. லிஃப்டில் போனால் கால் கூசியது. பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறியவன் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"இந்தா, எனக்கு நெஜமாவே பயமாகீது" என்று அவளிடம் சொன்னேன்.

"எங்கிட்டயே ஆக்டிங்கா?" என்றாள். "ரிகர்சலெல்லாம் ஷூட்டிங்ல வெச்சிக்கோ. எறங்கு, பல்ப நான் மாட்றேன்."

ஊருக்குப் போய்க் கையில் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, விரதச் சோறு, கோயில் மண்டபத்தில் படுக்கை. மரத்தை அப்போதுதான் பார்த்தேன். திடலில் நீட்டிப் படுக்க வைத்து ஆசாரி படிக்கட்டை அடித்துக்கொண்டிருந்தார். படுத்திருந்த மரம் பாவமாகத்தான் இருந்தது, ஆடுகள் தாண்டிப் போயின. இதற்கா பயந்தோம் என்று எனக்கே வெட்கம். மறுநாள் ஊரே சேர்ந்து கயிறு கட்டி இழுத்து அதை நிமிர்த்தியது. அண்ணாந்து பார்த்தேன். மேகம் நகர்ந்ததால் மரம் என் மேல் சாய்வதுபோல் இருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒத்திகைக்கு ஏறிப் பார்க்கலாமா என்று கூத்து வாத்தியாரைக் கேட்டேன்.

"அந்தப் பேச்சே கெடையாது. சாமி ஏர்ற மரம், அன்னிக்கு ஒரு வாட்டிதான்."

"வாத்தியாரே, எனக்கு உயரம்னா தல சுத்தும். பாதில உழுந்துட்டா?"

வாத்தியார் கடுமையான மனுஷர், மேடையில் ஒரு தாளம் தப்பினால் வேஷக்காரரைப் பேரைச் சொல்லித் திட்டுவார். அவரும் சிரித்துவிட்டார். "இத்த அப்படியே மேல போய்ச் சொல்லு தம்பி, ஜனம் கொண்டாடும்" என்றார். என் மச்சான் அதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டான்.

திருவிழா அன்று மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குக் காவி கட்டி, உடம்பெல்லாம் விபூதி பூசி, ஜடாமுடி வைத்து, தோளில் பழப்பையை மாட்டினார்கள். ருத்திராட்சத்தோடு சேர்த்து ஒரு காலர் மைக்கையும் ஒட்டினார்கள், பாட்டு திடல் முழுக்கக் கேட்க வேண்டுமே. மூச்சு விட்டாலே நாலு மூலை ஸ்பீக்கரிலும் சீறியது. அதற்கே ஒரு சிரிப்பு எழுந்தது. நாராயணவனம், சத்தியவேடு, புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். டிவிக்காரனைப் பார்க்க வந்த கூட்டம். வழக்கத்தைவிட இரண்டு பங்கு என்று சித்தப்பா பூரித்துப்போனார்.

பெண்கள் குளத்தில் முழுகி ஈரம் சொட்ட வந்து மரத்தைச் சுற்றிப் படுத்தார்கள். மஞ்சள் புடவையில் என் மனைவி கிழக்குப் பக்கம் கிடந்தாள். கண்ணை மூடியிருந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு எப்படித் திரும்பி ஓடுவது? மரத்தைக் கும்பிட்டு முதல் படியில் கால் வைத்தேன்.

கீழே ஹார்மோனியம் சுருதி கொடுத்தது. முதல் சில படிகளில் பாட்டு நன்றாகவே வந்தது. மரத்தை மட்டும் பார், மரத்தை மட்டும் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன். பனஞ்சிராய் மூக்குக்கு முன்னால் இருந்தது. கூரை உயரம் தாண்டியது. அரசமரத்தின் கிளைகள் என் தோளுக்கு இறங்கின. அப்போது காற்று வீசியது. மரம் லேசாக ஆடியது, ஆடாத மரம் உலகத்தில் எங்கே இருக்கிறது? ஆனால் என் கையும் காலும் அதோடு வேலையை நிறுத்திவிட்டன. அடுத்த படிக்குக் கை போகவில்லை. கீழ்ப் படிக்குக் கால் போகவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கன்னத்தை அதில் பதித்தேன். பாட்டு நின்றது.

கூட்டம் அமைதியானது. அதற்கு நன்றாகத் தெரிந்த அமைதி அது. டிவியில் நான் எந்த இடத்தில் நிற்பேனோ, சரியாக அதே இடத்தில் நின்றிருந்தேன். மிருதங்கக்காரருக்கு வேறு உற்சாகம் வந்து, ஒரு அடி அடித்து நிறுத்தினார்.

என்ன கத்துவது என்று யோசித்துக் கத்தவில்லை. மாட்டிக்கொண்ட மனுஷன் எதைக் கத்துவானோ அதைத்தான் கத்தினேன்.

"ஏணி கொண்டாங்கய்யா!"

திடல் வெடித்தது. விசில் பறந்தது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "ஏணி கொண்டாங்கய்யா!" என்று திருப்பிக் கத்தினார்கள். "ஒன்ஸ்மோர்" என்று எவனோ கூவினான்.

"ஐயோ, நெஜமாத்தான் சொல்றேன்! சாமி சத்தியமா பயமாகீது!"

அதுவும் அவர்களுக்கு மனப்பாடம். நான் சொல்லி முடிக்கும் முன்பே முன்வரிசை சொல்லி முடித்தது. தெலுங்கில் கத்தினேன். "நிச்சென தெண்டய்யா!" தமிழுக்குச் சிரிக்காமல் மிச்சமிருந்த பாதிக் கூட்டமும் சிரித்தது. உதவி கேட்கத் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கிற சொல் எல்லாவற்றையும் டிவியில் செலவழித்துவிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் போட்டுக்கொண்டது ஒரு லாரி மண். கை வியர்த்து வழுக்கியது. உள்ளங்கால் மரத்துப்போனது. இப்படியே விழுந்து செத்தாலும் இவர்கள் கொஞ்ச நேரம் கைதட்டிவிட்டுத்தான் கிட்டே வருவார்கள் என்று தோன்றியது. அந்த எண்ணம்தான் விழுவதைவிடக் கொடுமையாக இருந்தது.

அப்போது கீழே ஒரு குரல்.

"சிரிக்காதீங்க! அவருக்கு நெஜமாவே பயமாகீது! யாராவது ஏறுங்க!"

என் மனைவியின் குரல். நான் கீழே பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. ஆனால் படுத்திருப்பவளின் குரல் அப்படி வராது. அவள் எழுந்துவிட்டாள் என்று தெரிந்தது. கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. ஸ்கிட்டில் பொண்டாட்டி வந்து கூப்பிடும் இடம் அல்லவா அது. "சோறு ஆறிப்போவுதாம்ப்பா!" என்று எவனோ எடுத்துக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை மச்சானின் வீடியோவில்தான் பார்த்தேன். மஞ்சள் புடவை ஈரத்தில் காலைச் சுற்ற, அவள் கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறாள். யாரும் நகரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்திடம் போகிறாள். இரண்டு கையாலும் படிக்கட்டையைப் பிடித்து, முதல் படியில் கால் வைக்கிறாள். அந்த மரத்தைப் பெண் தொடக்கூடாது. அது எழுதி வைக்காத சட்டம், பிறந்ததிலிருந்து அந்த ஊரில் வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் இல்லை. சிரிப்பு அறுந்தது. அந்தக் கூச்சல் எல்லாம் ஒரே நொடியில் அடங்கி, ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் கேட்கிறது.

"டேய், நெஜண்டா" என்று வாத்தியார் சொல்வது வீடியோவில் தெளிவாக விழுந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் என் குதிகாலுக்குக் கீழே ஒரு உள்ளங்கை வந்து அணைந்தது. சொரசொரப்பான, சூடான கை. கூத்தில் கதாயுதம் தூக்கும் வேஷக்காரர், பகலில் நிலக்கடலை பயிரிடுகிறவர், அவளை இறக்கி நிறுத்திவிட்டு, முகத்தில் பாதி அரிதாரத்தோடு எனக்குப் பின்னால் ஏறி வந்திருந்தார்.

"தம்பி, கண்ண மூடிக்கோ. கால நான் வெக்கிறேன். கைய மட்டும் நீ பாத்துக்கோ" என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "கீழ போலாமா, மேல போலாமா?"

கீழே என்றுதான் வாய் போயிற்று. ஆனால் மற்றப் பெண்கள் இன்னும் எழவில்லை. இத்தனை கூச்சலிலும் ஒருத்திகூடக் கண்ணைத் திறக்கவில்லை என்று அவரே சொன்னார். நான் இறங்கினால் அவர்கள் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மேல" என்றேன்.

ஒவ்வொரு படிக்கும் அவர் என் காலை எடுத்து வைத்தார். வாத்தியார் கீழிருந்து பாட்டை எடுத்துக் கொடுக்க, நான் பின்னாலேயே சொன்னேன். பாடினேன் என்று சொல்ல முடியாது. சுருதி எங்கோ போய்விட்டது, ஹார்மோனியம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாழ்நாளில் அவ்வளவு மோசமாகப் பாடியதில்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எந்த நிசப்தம் வந்தால் செத்துப்போவேன் என்று நினைத்திருந்தேனோ, அது உச்சிவரை என்னோடு வந்தது. அது என்னைக் கொல்லவில்லை. தாங்கிக்கொண்டது.

உச்சிப் பலகையில் உட்கார்ந்து பழங்களை வீசினேன். விரல் அளவுக்குத் தெரிந்த பெண்கள், விரித்த முந்தானைகள். பழம் விழுந்தவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டு அழுதாள். கிழக்குப் பக்கம் மஞ்சள் புடவை கிடந்த இடத்தில் ஈரமண் மட்டும் இருந்தது. என் மனைவி வரிசையில் இல்லை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எலுமிச்சம்பழத்தை அவள் பக்கமாக வீசினேன். சாமி மன்னிக்கட்டும், தெரிந்துதான் வீசினேன். அது அவள் காலடியில் வந்து உருண்டது. அவள் குனியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த, இன்னும் எதுவும் கிடைக்காத ஒரு சின்னப் பெண்ணின் பக்கம் அதைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டாள்.

இறங்கினதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சித்தப்பா அழுதுவிட்டார். மரத்தைத் தொட்டதற்கு அவளுக்குப் பெரியவர்கள் ஏதாவது தண்டம் போடுவார்களோ என்று எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. பெரியவர் மஞ்சள்தண்ணீர் எடுத்து அவள் தலையில் தெளித்து, "போம்மா, ஈரத்தோட நிக்காத, சளி புடிக்கும்" என்றார், அவ்வளவுதான்.

காப்புக் கழற்றிவிட்டு மறுநாள் பைக்கில் திருப்பதிக்குத் திரும்பினோம். புத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீயை அவள் கையில் கொடுக்கும்போது பார்த்தேன், உள்ளங்கையெல்லாம் பனஞ்சிராய் கீறிச் சிவந்திருந்தது.

"எல்லாரும் ஆக்டிங்னு நெனச்சாங்க. வாத்தியாரே நெனச்சாரு. உனக்கு எப்படித் தெரிஞ்சிது?" என்று கேட்டேன்.

"ஏணின்னு கத்துன பாரு, சுருதி போயிடுச்சி" என்றாள். "வீட்ல ஆயிரம் வாட்டி கத்திக்கினு இருந்த. ஒரு வாட்டி கூட சுருதிய உட்டதில்ல நீ."

"அதுக்காக எழுந்துட்டியே. பழம் உழுந்தப்புறம் எழுந்திருக்கக்கூடாதா? இனிமே அடுத்த வருஷம்தானே."

"பழம் உழுறதுக்கு முன்னாடி நீ உழுந்திருப்ப."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் மாங்காய் ஏற்றிய லாரி ஒன்று போயிற்று. அது போய் முடிந்த பிறகு, எனக்குக் கேட்டால் கேட்கட்டும் என்கிற குரலில் சொன்னாள்.

"எழுந்தது உனக்காக மட்டும் இல்லய்யா. அங்க படுத்துக்கினு இருக்கச்சொல்லோ எனக்கு ஒதறிக்கினே இருந்துச்சி. பழம் மடில வந்து உழுந்து, அப்புறமும் ஒண்ணும் ஆவலன்னா? இன்னும் கேட்டுப் பாக்க ஒரு எடம் பாக்கி கீதுன்னுதான் இத்தினி வருஷம் ஓட்டினேன். அதுவும் கேட்டு முடிஞ்சிட்டா நான் எங்க போவேன்?"

பயத்தைத் தெரிந்துகொள்வதுதான் என் தொழில். ஒரே வீட்டில், ஒரே பாயில், இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியவில்லை. அவள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போகலாம் என்றாள்.